வெள்ளிமலையில் ஒரு ராஜாவை மேடையேற்றினோம்

காலை ஒன்பதரைக்குக் கள்ளக்குறிச்சியில் ஜீப் ஏறினேன். வெள்ளிமலைக்கு ஆளுக்கு எண்பது ரூபாய். ஏழு பேர் உட்காரும் வண்டியில் பதினொரு பேர், இரண்டு வெங்காய மூட்டை, ஒரு ஆர்மோனியப் பெட்டி. பஸ்ஸில் போனால் பெண்களுக்குக் காசே கிடையாது. ஆனால் இந்த ஜீப்பை ஓட்டும் கொளஞ்சிதான் அன்று சாயங்காலம் நான் பார்க்கப் போகும் கூத்தை எழுதியவர், அதில் ராஜாவும் அவரே. ராஜாவே வண்டி ஓட்டிக் கூட்டிப்போகிறபோது பஸ்ஸுக்கு எவள் காத்திருப்பாள்?

கச்சிராயபாளையத்தில் டீ குடித்தோம். கோமுகி அணை தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் காற்று குளிர்ந்தது. ஒவ்வொரு வளைவிலும் வெங்காய மூட்டை என் மடிக்கு வந்து திரும்பிப் போனது. கொளஞ்சி ஸ்டியரிங்கைவிடக் கதையில்தான் கவனமாக இருந்தார்.

கதை அவர் நூலகத்தில் படித்தது. ஐரோப்பாவில் ஒரு நாடு. கம்யூனிஸ்ட் ஆட்சி, ஒரே கட்சி. அதை எதிர்த்து எழுதிய நாடகக்காரனைச் சிறையில் போட்டார்கள். கடைசியில் ஜனம் தெருவுக்கு வந்தது, ஆட்சி கவிழ்ந்தது, அந்த எழுத்தாளனே நாட்டுக்குத் தலைவனானான். கூத்தில் அது பனி தேசம்.

கூத்தில் ராஜா என்றால் இரண்டு பேர் பிடிக்கும் திரைக்குப் பின்னாலிருந்து கிரீடத்தோடு வரவேண்டும். கொளஞ்சி அதை மாற்றிவிட்டார். கடைசியில் ராஜாவாகும் எழுத்தாளனுக்கு, அதாவது அவருடைய வேடத்துக்கு, திரை கிடையாது. அவன் ஜனத்துக்கு நடுவே உட்கார்ந்திருப்பான், ஜனமே எழுந்து அவனை மேடைக்குத் தள்ளவேண்டும். தள்ளாவிட்டால் கூத்து அங்கேயே முடிந்தது.

இரண்டு ஊரில் போட்டாராம். இரண்டிலும் ஒருவரும் எழவில்லை. அவர் சட்டையில் பத்து ரூபாய் நோட்டைக் குத்தி, நல்லா நடிச்சே என்று பாராட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார்களாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இன்னிக்கு எங்க ஊரு. இங்கயும் யாரும் ஏந்திரிக்கலன்னா இந்தக் கூத்த விட்டுடுவேங்க" என்றார்.

பகல் ஒரு மணிக்கு அவர் வீட்டில் சாமைச் சோறும் கொள்ளு ரசமும். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட அண்ணன் சஞ்சீவி தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார். செங்கொடி பிடித்து இரண்டு முறை சிறைக்குப் போனவர். அந்தக் கொடி இல்லையென்றால் இந்த மலையில் பாதிப் பேருக்குப் பட்டா கிடைத்திருக்காது, அதைப் போய்த் தம்பி வில்லனாக்கிவிட்டான் என்றார். கூத்துக்கு வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது, இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்ததால்.

நாலு மணிக்கு மத்தளம் முழங்கியது. ஒரே கட்சி மகாராஜா திரையை விலக்கிக் கிரீடம் மின்ன ஆடினார், கட்டியங்காரன் அவரைக் கிண்டலடித்தே கூட்டத்தைக் கட்டிப்போட்டான். கொளஞ்சி பழைய ஸ்வெட்டரோடு எங்கள் நடுவே உட்கார்ந்து எழுதினார், அங்கேயே கயிற்றால் கட்டப்பட்டார். பிறகு மகாராஜா கிரீடத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். பலகை மேடை காலி.

"நாட்டுக்கு ராஜா இல்லீங்க. யார அனுப்பப் போறீங்க?" என்று கட்டியங்காரன் கேட்டான்.

மத்தளம் நின்றது. ஒருவரும் அசையவில்லை. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் மெல்ல எழுந்தார். கையில் பத்து ரூபாய் நோட்டு, ஊக்கு. அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். கொளஞ்சியின் தலை இன்னும் குனிந்தது.

கூட்டத்தின் பின்னாலிருந்து சஞ்சீவி வந்தார். வரமாட்டேன் என்ற மனிதர் எப்போது வந்தாரோ தெரியவில்லை. குனிந்து கயிற்றை அவிழ்த்தார்.

"நானும் ஜெயிலுக்குப் போனவன்தான். எழுதனவன உள்ள வச்சது எங் கொடியா இருந்தாலும் தப்பு தப்புதான். ஏந்திரி தம்பி."

அப்புறம் யாரும் உட்காரவில்லை. பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தார்கள். பெரியவர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு தோளைக் கொடுத்தார். என் இரண்டு கையும் கொளஞ்சியின் முதுகில் இருந்தன, நான் எப்போது எழுந்தேன் என்று சத்தியமாகத் தெரியாது. மேடையில் போய் நின்றவர் கிரீடத்தைத் தொடவில்லை.

"மொத உத்தரவு" என்றார். "என்னப் பத்தி யாரு இன்னா வேணா எழுதலாம்."

"நான்தான் மொதல்ல எழுதுவேன்" என்றார் சஞ்சீவி கீழேயிருந்து. மலையே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு இறங்கினோம். அண்ணன் முன் ஸீட்டில் உட்கார்ந்து, கூத்தில் எங்கெங்கே பிழை என்று அணை வரும்வரை தம்பியிடம் சொல்லிக்கொண்டே வந்தார். என் ஊர் சின்னசேலம். அங்கே வேடிக்கை பார்க்க ஆள் பஞ்சமே இல்லை. ரயிலடியில் ஒருவன் மயங்கி விழுந்தாலும் முதலில் வட்டம் கட்டி நிற்போம்.

"உங்க ஊர்ல போட்டா யாருங்க மொதல்ல ஏந்திரிப்பாங்க?" என்று கேட்டார் கொளஞ்சி.

"நான்" என்றேன்.