மணல் புகாத அலுமாரி

சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் தோட்டவெளிக் கிராமத்தில் சோற்றுக்குள்ளும் மணல் இருக்கும். அந்த எரிச்சலில்தான் உடுப்பு வைக்க நானே ஒரு அலுமாரி செய்தேன். உப்புக் காற்றில் கறள் பிடிக்கும் என்று ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. பலகை முனைகளை உளியால் நாக்குப்போலச் செதுக்கி, அடுத்த பலகையின் துளைக்குள் பசை வைத்து இறுக்கினேன். கதவிலும் இடைவெளி விடவில்லை. "காத்துக்கூட உள்ளுக்குப் போகாது" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். தொட்டவர்களை ஏசினேன்.

கார்த்திகை மழைக்கு மரம் ஊதிக் கதவு இறுகும் என்பதை யோசிக்கவில்லை.

மழை தொடங்கி மூன்றாம் நாள், ஒளித்து விளையாடிய என் ஐந்து வயது மகள் அதற்குள் புகுந்து கதவை இழுத்துச் சாத்திவிட்டாள். உள்ளே மெல்லத் தட்டுவது கேட்டு ஓடினேன். கைப்பிடியை இழுத்தேன், அது கையோடு வந்தது. கழற்றுவதற்கு ஒரு ஸ்குரூவும் இல்லை. பொருத்துகளில் உளியை வைத்து அடித்தேன். ஒன்றும் அசையவில்லை. தட்டும் சத்தம் நின்றுபோனது. மனைவி மடு மாதாவைக் கூப்பிட்டு அழுதாள். மகளின் தலை எந்தப் பக்கம் இருக்கிறதென்று தெரியாமல் கோடரியை ஓங்கவும் பயமாக இருந்தது. கடைசியில் பின்பலகையை மேல் மூலையில் பிளந்தேன்.

வியர்த்து நனைந்து குந்தியிருந்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் பிள்ளை தட்டுறதை நிப்பாட்டினனி?"

"அலுமாரி உடைஞ்சா நீங்கள் ஏசுவீங்கள் எண்டு பயந்தனான், அப்பா."