சறுக்கு வண்டிக்காரியின் அப்பா

பொன்முடிச் சாலையின் ஒரு கொண்டை ஊசி வளைவில் அவரைச் சந்தித்தேன். கீழே நகரத்தில், ஆரியசாலையில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். கைகளெல்லாம் தீப்பொறித் தழும்பு. கல்லூரியில் படிக்கும் மகள், அவர் செய்துகொடுத்த மூன்று சக்கர வண்டியில் சறுக்கிக்கொண்டே மலையிறங்கினாள். நன்றாக வழுக்குவதற்காகப் பின்சக்கரங்களைச் சுற்றிப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளை மாட்டியிருந்தார். அவள் எங்களைக் கடந்தபோது, பிரேக்கை மிதிப்பதுபோல் அவர் வலதுகால் தரையை அழுத்தியது.

"பயந்தா ஏன் செஞ்சு கொடுத்தீங்க?" என்றேன்.

"நான் மாட்டேன்னா அவளே செய்வா சாரே. அவ வெல்டிங் நிக்காது, கேட்டியளா."

கீழே ஏதோ உராய்ந்து நின்றது. அவர் ஓடினார், நானும் ஓடினேன். முழங்கையில் ரத்தத்தோடு அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, இன்னும் கொஞ்சம் வழுக்கணும், கேட்டோ."

அவர் காயத்தைத் துடைத்தார். பிறகு ஸ்பேனரை எடுத்தார். நான் வண்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன்.