அறுப்பின் பண்டிகையில் என் மருமகள் வாசித்த வேதம்

என் மருமகள் உடப்புசல்லாவைப் பக்கத்துப் பெண். கோயிலும் தேருமாக வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகுதான் எங்களோடு கிறிஸ்தவ சபைக்கு வரத் தொடங்கினாள். போன வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு வேதம் வாசிக்க அவள் பெயரைக் கொடுத்தவள் நான்தான். அன்றைக்கு வாசிக்க வேண்டியது, புருஷனை இழந்த ஒரு மருமகள் சொந்த ஊரை விட்டு மாமியாரோடு புறப்படும் கதை. பழைய மொழிபெயர்ப்பைப் பிரித்ததுமே அவள் முகம் வாடிவிட்டது.

"வாசிச்சிருவேன் மாமி. ஆனா என்னா வாசிக்கிறேன்னே எனக்கு வெளங்கலைங்க."

புதிய மொழிபெயர்ப்பை வாங்கிக் கொடுத்தேன். ஒரே மூச்சில் படித்துவிட்டு அழுதாள்.

சபைச் செயலாளருக்குப் பிடிக்கவில்லை. "நம்ம வேதத்த மாத்தாதீங்க. அந்தப் புள்ளைக்கு ஏலாட்டி வேற ஆள் வாசிக்கட்டும்" என்றார். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. போதகர் வேதப்பாடத்தில் சொன்னதெல்லாம் நாக்குக்கு வந்தது.

"ஆண்டவர் என்னா தமிழ்லயா பேசினாரு, ஐயா? எபிரேயத்துல இருந்தத கிரேக்கத்துக்கு மாத்துனாங்க. கடல் தாண்டி வந்தவங்க தமிழுக்கு மாத்துனாங்க. அதையும் எத்தனை தடவ திருத்துனாங்க! உங்க கையில இருக்கிறதும் ஒரு காலத்துல புதுசுதான். அவதான் வாசிப்பா."

பேசிவிட்டேனே தவிர, பயம் இல்லாமல் இல்லை. அவள் தடுமாறினால், 'கோயில் வீட்டுப் பிள்ளைதானே' என்று ஒதுக்கிவிடுவார்கள்.

பண்டிகையன்று பீடத்தின் முன் காணிக்கையாக லீக்ஸ், கரட், ஒரு கூடை தேயிலைக் கொழுந்து. யார் வாசித்தாலும் அவரவர் வேதத்தில் விரல் வைத்து, கூடவே முணுமுணுப்பது எங்கள் சபையின் பழக்கம். அன்று அவள் ஒன்றை வாசிக்க, சபை வேறொன்றை முணுமுணுத்தது. "எங்க வாசிக்குது இந்தப் புள்ள?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவள் நின்றுவிட்டாள்.

நான் முன்வரிசையில் இருந்தேன். கல்யாணத்துக்கு அம்மா தந்த என் பழைய வேதத்தைப் படாரென்று மூடி மடியில் வைத்துவிட்டு, அவளையே பார்த்தேன். பின்னால் இன்னொன்று மூடும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. முணுமுணுப்பு அடங்கியது.

அவள் முதலிலிருந்து வாசித்தாள். திரும்பிப் போ என்கிறாள் மாமியார்; மாட்டேன் என்கிறாள் மருமகள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பெருமைதான், வேறென்ன! முதல் அதிகாரம் முடிந்ததும் அவள் புத்தகத்தை மூடப் போனாள்.

"அப்பறம் அந்த ரெண்டு பேருக்கும் என்னாம்மா ஆச்சு?"

கேட்டது செயலாளரின் மனைவி. வருஷா வருஷம் இதே கதையைப் பழைய வேதத்தில் முணுமுணுத்தவர். செயலாளர் திரும்பி முறைத்தார். அந்த அம்மா சட்டை செய்யவில்லை.

மருமகள் என்னைப் பார்த்தாள்.

"வாசிம்மா, கேக்குறாங்கல்ல" என்றேன், சபை முழுக்கக் கேட்கும்படி. அவள் அடுத்த அதிகாரத்தைத் திருப்பினாள்.