எதிர்வீட்டு இருட்டறையில் எங்கள் முளைப்பாரி

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் பால் காய்ச்சினால் மட்டும் போதாது, வாசலில் ஃப்ளெக்ஸ் கட்ட வேண்டும். காது குத்துக்கு ஃப்ளெக்ஸ், கல்யாணத்துக்கு ஃப்ளெக்ஸ், செத்தாலும் ஃப்ளெக்ஸ். என் தம்பி இந்த விஷயத்தில் ஊரையே மிஞ்சுகிறவன். திண்டுக்கல்லில் நாங்கள் அந்த வீட்டை வாடகைக்கு எடுத்துப் பால் காய்ச்சிய அன்று, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கேட்டை மறைக்கிற அளவுக்கு ஒன்றை அடித்துக் கொண்டுவந்து கட்டிவிட்டான். கை கூப்பிச் சிரிக்கிற அவன் படம். அதற்கு மேலே கொட்டை எழுத்தில், 'மனவளர்ச்சி குன்றிய பெண்கள் விடுதி திறப்பு விழா'.

"ஏலே, இது விடுதியாடா? வீடுடா!" என்று கத்தினேன்.

"எல்லாம் ஒண்ணுதான்க்கா. ஃப்ளெக்ஸ் கடைக்காரன் டிசைன்ல அப்படித்தான் இருந்துச்சு. மாத்தச் சொன்னா நாளைக்குத்தான்னான்" என்றான். பழிகாரப் பயல். அன்று சாயங்காலமே அதைக் கழற்றிக் கிழித்துப் போட்டேன். ஆனால் அதற்குள் எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருவர் அதைப் போனில் படம் எடுத்திருந்தார்.

யாருக்கு வீடு என்று சொல்லவில்லையே. என் மகளுக்கு. வளர்ந்த பெண், என்னைவிட ஒரு சாண் உயரம், மனசு மட்டும் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையோடு நின்றுவிட்டது. எல்லாருக்கும் அவள் பாப்பாதான். எனக்கு நிலக்கோட்டையில் பூக் கமிஷன் கடை. மல்லிகை ஏலம் விட்டு விட்டுத் தொண்டை தடித்துப்போன பொம்பளை நான். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். அவர் போன நாளிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான், எனக்குப் பிறகு பாப்பாவுக்கு யார்? தம்பி நல்லவன், சோறு போடுவான். ஒரு மூலையில் உட்கார வைத்துத்தான் போடுவான். என் மகள் மூலையில் உட்காரப் பிறந்தவள் இல்லை.

இந்த யோசனையைக் கொடுத்தது, பாப்பா படித்த சிறப்புப் பள்ளி வாசலில் எனக்குப் பழக்கமான ஓர் அக்கா. திண்டுக்கல்லிலேயே பிரியாணிக் கடை வைத்திருக்கிற பாய் வீட்டு அக்கா. அவருக்கும் பாப்பா மாதிரியே ஒரு மகள். "நாம மௌத்தானதுக்கு அப்புறம் இதுகளை எங்கயாவது கொண்டுபோய் விட்டா பயந்து செத்துரும்மா. நாம உசுரோட இருக்கும்போதே ஒரு வீட்டுல இருந்து பழகட்டும். நாம விருந்தாடியாப் போயி வந்துக்கிருவோம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சரி என்று பட்டது. ஐந்து குடும்பம் சேர்ந்தோம். ஐந்து பெண்கள், ஒரு வீடு, ஓர் அடுப்பு. கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ள நத்தத்திலிருந்து ஒரு தங்கச்சி சம்பளத்துக்கு வந்தாள். பெண்கள் அவளைச் சித்தி என்றார்கள்.

முதல் சில வாரம் நரகம். நான் பார்க்க வந்துவிட்டுக் கிளம்பினால் பாப்பா என் பையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள். சித்தி அவளை உள்ளே பேச்சுக் கொடுத்து இழுக்க, நான் பின்வாசல் வழியாகத் திருடி மாதிரி ஓடுவேன். பிறகு சித்தி கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்தாள். கேட்டைப் பாப்பா பொறுப்பில் விட்டாள். பால்காரர் வந்தாலும் கீரைக்காரி வந்தாலும் பாப்பாதான் "யாரு?" என்று கேட்டுத் திறக்க வேண்டும், பாப்பாதான் தாழ்ப்பாள் போட வேண்டும். அம்மாடி, அந்தத் தாழ்ப்பாளை அவள் போடுகிற தோரணையைப் பார்க்க வேண்டுமே! என்னையே "யாரு?" என்று கேட்டு நிறுத்திவைப்பாள். ஆனாலும் நான் கிளம்பும்போது மட்டும் அழுகை நிற்கவில்லை. பின்வாசல்தான் எனக்குக் கதி.

இப்படி ஒரு மாதிரி பழகி வருகிறபோதுதான், அந்தக் கேட்டிலேயே மாநகராட்சி ஆட்கள் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். குடியிருப்புப் பகுதியில் அனுமதி இல்லாமல் விடுதி நடத்துகிறீர்கள், விளக்கம் கொடுங்கள், இல்லாவிட்டால் காலி செய்யுங்கள் என்று. பாப்பாவுக்கு ஒரே சந்தோஷம். நம் வீட்டுக்கும் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள் என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள். நான் அதைப் படித்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன். இங்கிருந்து இவளைக் கிளப்பினால் மறுபடி இன்னொரு வீட்டில் பழக்க எனக்கு ஆயுசு இருக்கிறதா, அவளுக்குத்தான் தெம்பு இருக்கிறதா?

மனுக் கொடுத்தது எதிர்வீட்டுக்காரர். ரிட்டயர் ஆனவர், மரியாதையான மனுஷன், தெருக் கோயில் திருவிழாக் கமிட்டியில் முக்கியமான ஆள். ஃப்ளெக்ஸ் படத்தை மனுவோடு சேர்த்துக் கொடுத்திருந்தார். நேரே போய்க் கேட்டேன்.

"என்ன அண்ணே, பிள்ளைக உங்களுக்கு என்ன இடைஞ்சல் பண்ணுச்சு?"

"பிள்ளைகளக் குத்தம் சொல்லல தங்கச்சி. எம்மகளைப் பொண்ணு பாக்க வரப்போறாக. எதிர்த்தாப்புல இப்படி ஒரு விடுதி இருந்தா என்ன நினைப்பாக? இது குடும்பம் இருக்கிற தெரு."

"நாங்க மட்டும் என்ன சர்க்கஸா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். இன்னும் நாலு வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. விழுங்கிவிட்டேன். எனக்கு அது பெரிய காரியம்.

மாநகராட்சி ஆபீசில் விளக்கம் எழுதிக் கொடுத்தோம். விடுதியா வீடா என்று நேரில் வந்து பார்த்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து, அதிகாரி மேடம் முடிவு பண்ணுவார் என்றார்கள். எப்போது வருவார் என்று கேட்டால், வரும்போது வருவார்.

அதற்குள் தெருவில் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். இந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. குடும்பம் நடத்துகிற வீடு ஒவ்வொன்றிலும் விதைக்கத் தானிய முத்து வாங்கி, மண் ஓட்டில் வீட்டுக்கு ஒரு முளைப்பாரி போட்டு, எல்லா ஓட்டையும் ஒரே வீட்டு இருட்டறையில் வைத்து வளர்ப்பார்கள். கடைகளுக்குக் கிடையாது. மாடியில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பையன்களுக்குக் கிடையாது. ஆனால் குடும்ப வீடு ஒன்று விட்டுப்போனாலும் தெருவுக்கு ஆகாது. வருஷா வருஷம் முளைப்பாரி வளர்கிற வீடு, கேளுங்கள் கூத்தை, அதே எதிர்வீடு. முத்து வாங்க வருகிறவர் அவருடைய மனைவி.

அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். அந்த அம்மா சுளகோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றார்.

"யாரு?" என்றாள் பாப்பா.

"முத்து வாங்க வந்திருக்கேன் பாப்பா. போடுறியா?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்க வீட்டுக்காரரு எங்களக் காலி பண்ணச் சொல்லி மனு எழுதுறாரு. நீங்க முத்து வாங்க வாரீகளா மதினி? நல்லாருக்கு நாயம்!"

அவர் கோபப்படவில்லை. "அது அவரு. இது ஆத்தா காரியம். இந்த வீட்ட விட்டுட்டு அடுத்த வீட்டுக்கு என்னால போக ஏலாது" என்றார். பெண்கள் ஆளுக்கு ஒரு கை மொச்சையும் தட்டைப்பயறும் அள்ளிப் போட்டார்கள். பாப்பா ரெண்டு கை போட்டாள். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே நின்றேன்.

தினமும் சாயங்காலம் எதிர்வீட்டில் கும்மி. எங்கள் பெண்களும் சித்தியோடு போவார்கள். பாய் வீட்டு அக்காவின் மகள் ஓரமாக உட்கார்ந்து கை மட்டும் தட்டுவாள். "பக்கத்து வீட்டு விசேசம், போய்ப் பாக்கட்டுமே" என்று அக்கா சொல்லிவிட்டார். பாப்பாவுக்குத் தாளம் வராது. எல்லாரும் குனியும்போது நிமிர்வாள். எதிர்வீட்டுக்காரர் கூடத்தில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். மனு போட்ட மனுஷன் வீட்டு இருட்டறைக்குள் எங்கள் முளைப்பாரி வளர்ந்துகொண்டிருந்தது. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

உறைத்தது, மேடம் வந்த அன்றுதான்.

நகரமைப்பு அதிகாரி, சின்ன வயசுப் பொண்ணு. சிரிக்கவும் இல்லை, சிடுசிடுக்கவும் இல்லை. கேட்டில் பாப்பா "யாரு?" என்று நிறுத்த, "மாநகராட்சியிலருந்து வாரேன்மா, உள்ள வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வந்தார். அறை அறையாகப் பார்த்தார். அடுக்களையில் அன்றைக்கு என்ன வெஞ்சனம் என்று கூடக் கேட்டார். பிறகு வாசலுக்கு வந்து தெரு ஆட்களை விசாரித்தார். தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் நிதானமாகப் பேசினார்.

"ஒரே ரத்தம் இல்ல, ஒரே சாதி சனம் இல்ல. அஞ்சு ஊருப் பிள்ளைகளக் கொண்டாந்து வச்சிருக்காக. அவங்களே விடுதின்னு ஃப்ளெக்ஸ் வச்சாக மேடம். இது எப்படி வீடாகும்?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் அந்த ஃப்ளெக்ஸைக் கட்டிய மகராசனைத் தேடினேன். தம்பி கூட்டத்தில் கடைசியில் நின்று கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தான். அப்போது எதிர்வீட்டு வாசலில் வேப்பிலைத் தோரணம் கண்ணில் பட்டது. எங்கிருந்துதான் அந்த வார்த்தை வந்ததோ, ஏலக்குரலிலேயே கேட்டேன்.

"மதினி! எங்க ஓடு உங்க வீட்டுக்குள்ளதானே முளைச்சுக்கிட்டு இருக்கு? எந்தக் கணக்குல வாங்குனீக? வீடுன்னா, விடுதின்னா?"

"அது சாமி காரியம், இது சட்டம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதம்மா" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

அந்த அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். புருஷனைப் பார்த்து, தெருவே கேட்கப் பேசினார். "மளிகைக் கடையில முத்து வாங்குனேனா? மாடியில இருக்கிற பையலுக கிட்ட வாங்குனேனா? இவுக கிட்ட வாங்குனேன்ல? குடும்பம்னு நெனச்சுத்தானே வாங்குனேன்? ஒரே அடுப்புல பொங்கித் திங்கிறாக, ஒரே கதவச் சாத்திட்டுத் தூங்குறாக. இது வீடு இல்லைன்னா, அப்ப ஆத்தாகிட்ட நான் பொய்யா சொல்லியிருக்கேன்? உள்ள போயி நீங்களே அந்த ஓட்டத் தூக்கி வெளிய வைங்க, பாப்போம்."

அவர் வைப்பாரா? முளைவிட்ட ஓட்டை வெளியே தூக்கி வைக்க அந்த ஊரில் எவனுக்குத் துணிச்சல் வரும்! முதலில் மூன்றாம் வீட்டு ஆச்சி, "வீடுதான்யா, வீடுதான், விடு" என்றார். அப்புறம் ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "சரி, எனக்கு ஆட்சேபணை இல்லை மேடம். எழுதிக் குடுத்துர்றேன்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், கம்பீரமாகத்தான் சொன்னார்.

மேடம் அப்போதுதான் லேசாகச் சிரித்தார். "முளைப்பாரியை நான் ஃபைல்ல எழுத முடியாதும்மா. ஆனா நான் பாத்தது வீடுதான். தெருவும் அதைத்தான் சொல்லுது" என்றவர், உடனே கறாராகிவிட்டார். தீயணைப்பான் மாட்ட வேண்டும். பின்வாசல் எப்போதும் திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். வாசல் படியைச் சரிவாகப் பூச வேண்டும். மாற்றுத்திறனாளிகள் ஆபீசில் பதிவு செய்ய வேண்டும். அவ்வப்போது ஆள் வந்து பார்ப்பார்கள், முகம் சுளிக்கக் கூடாது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடுத்த நிமிஷமே போய்விட்டது. நான் இல்லாத காலத்திலும் இந்தப் பெண்கள் பத்திரமாக இருக்கிறார்களா என்று எட்டிப் பார்க்க சர்க்கார் ஆள் வருகிறார் என்றால், வரட்டுமே! தினமும் வரட்டும்.

திருவிழா அன்று எங்கள் முளைப்பாரியை வெளியே எடுத்தார்கள். பொய் சொல்ல மாட்டேன், உயரத்தில் நடுத்தரம்தான், ஒரு பக்கம் சாய்ந்துமிருந்தது. எதிர்வீட்டு மதினி தன் கையால் அதைத் தூக்கிப் பாப்பா தலையில் வைத்தார். சித்தி ஒரு கை தாங்கிக்கொண்டு கூடவே நடந்தாள். கொட்டுக்காரர்கள் வெளுத்து வாங்கினார்கள். பாப்பா கழுத்தை ஆட்டாமல், கண்ணை இமைக்காமல், கலெக்டர் மாதிரி நடந்தாள். தம்பி இதற்கும் ஃப்ளெக்ஸ் அடிக்கவா என்று கேட்டான். கொன்றுவிடுவேன் என்றேன்.

அப்புறம் எதிர்வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்தது எங்கள் வீட்டு நாற்காலிகளில்தான். ஐந்து பெண்களும் வரிசையாகத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டார்கள். சம்பந்தம் படிந்துவிட்டது. அது வேறு கதை.

முளைப்பாரியைக் குளத்தில் கரைத்துவிட்டு வந்த அன்று சாயங்காலத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். எனக்கு நிலக்கோட்டை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வழக்கம்போலப் பையை மறைத்துக்கொண்டு பின்வாசல் பக்கம் நழுவினேன். பாப்பா பார்த்துவிட்டாள். போச்சுடா, இன்றைக்கு அழுது ஆர்ப்பாட்டம்தான் என்று நினைத்தேன். தலைமுடியில் ஒட்டிய முளைத் துணுக்கோடு வந்தவள், என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். என்னை முன்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கேட்டைத் திறந்து என்னை வெளியே நிறுத்திப் பையைக் கையில் கொடுத்தாள்.

"நேரமாச்சு. பஸ் போயிரும். போயிட்டு வா" என்றாள். கேட்டைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளே யாரோ சிரிக்க, அங்கே ஓடிவிட்டாள்.

நான் நடுத்தெருவில் நின்று அழுதேன். எதிர்வீட்டு மதினி பதறிப்போய் ஓடிவந்தார். "என்ன ஆச்சு, ஏன் அழுகுறீக?"

"எம்மக என்னைய வழியனுப்பிட்டுக் கதவச் சாத்திட்டா மதினி!" என்றேன், மல்லிகைக்கு நல்ல விலை படிந்த நாளில் கத்துகிற அதே குரலில், தெரு முழுக்கக் கேட்கும்படி.