கைராசிக்காரர் நடித்த பேய்ப்படம்

முகத்தில் செய்த அநியாயத்துக்குக் கடவுள் வீரகத்திக்குக் கையில் ஈடு கொடுத்துவிட்டார் என்று அவருடைய மனைவி சிவனேஸ்வரி சொல்லுவாள். ஆள் நெட்டை. கன்னம் ஒட்டிப்போய், கண் குழிக்குள் கிடக்கும். வாயை எவ்வளவு இறுக்கி மூடினாலும் இரண்டு வேட்டைப்பல் வெளியே எட்டிப் பார்க்கும். யாழ்ப்பாணத்தில் ஐந்து வீட்டுக்குப் பெண் பார்க்கப் போய், ஐந்து வீட்டிலும் பலகாரத்தை மட்டும் சாப்பிட்டுத் திரும்பியவர். ஆறாவது வீடு சிவனேஸ்வரியுடையது. அவருக்கு வன்னியில் காணி கிடைத்திருக்கிறது, மாமியார் அந்தக் காட்டுக்கு வரமாட்டார் என்று கேள்விப்பட்டுத்தான் அவள் தலையாட்டினாள். அதை அவளே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவரும் கூடச் சிரிப்பார். வேறு என்ன செய்வது?

இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் குடியேற்றத்துக்கு அவர்கள் வந்தது ஐம்பத்தோராம் ஆண்டு. முதல் வருடம் காடு வெட்டி விதைத்ததில் பாதியை யானை மிதித்தது, மீதியைப் பன்றி கிண்டியது. பக்கத்துக் காணிக்காரன் ஐயாத்துரை, நெற்கதிரை மாடு மிதிக்கவிட்டுச் சூடு அடிக்கிற நாளில் மலேரியாக் காய்ச்சலில் எழும்ப முடியாமல் கிடந்தான். களத்தில் முதற் கதிர்க்கட்டை வைக்க ஆளில்லை. "அண்ணை, நீங்களே வையுங்கோ" என்றான். வீரகத்தி வைத்தார். அந்த வருடம் குடியேற்றம் முழுவதிலும் நெல் குவிந்தது ஐயாத்துரையின் களத்தில் மட்டும்தான். அவனுடைய வயல் நடுவில் கிடந்தது, பன்றிகள் நாலு பக்கத்து வயலிலும் வயிறு நிரம்பித் திரும்பிவிட்டன என்பதை யாரும் யோசிக்கவில்லை. வீரகத்தியின் கை ராசியான கை என்று முடிவாயிற்று.

அதன் பிறகு பன்னிரண்டு வருடம் அவர் கை வைக்காமல் அங்கே ஒரு களம் தொடங்கியதில்லை. புரட்டாதியில் முதற்பிடி விதை நெல்லை எறிவதும் அவர்தான். காணியும் மாடும் அவரைவிடக் கூடுதலாக வைத்திருந்தவர்கள்கூட, விடியற்காலையில் படலைக்கு வெளியே நின்று "அண்ணை" என்று பணிவாகக் கூப்பிடுவார்கள். கிணற்றில் தோய்ந்து திருநீறு பூசி அவர் அவர்களோடு நடந்து போகும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து வீட்டுக்காரரும் அதைப் பார்க்காமல் போய்விட்டார்களே என்று சிவனேஸ்வரி நினைத்துக்கொள்வாள்.

களம் என்றால் இலேசான இடமில்லை. பூதங்கள் சுற்றி நின்று விளைச்சலைக் களவெடுக்கும் என்று நம்பினார்கள். அவற்றுக்கு விளங்கக் கூடாதென்று நெல்லை நெல் என்று சொல்லமாட்டார்கள், பொலி என்பார்கள். 'இல்லை', 'போதும்', 'முடிந்தது' போன்ற சொற்கள் களத்துக்குள் வாயில் வரவே கூடாது. பெண்கள் உள்ளே கால் வைக்கக் கூடாது. இந்தச் சட்டங்களையெல்லாம் வீரகத்தியைப்போல இறுக்கிப் பிடித்தவர் கிடையாது. ஒருமுறை சிவனேஸ்வரி கஞ்சி கொண்டு வந்தவள், வெயிலில் கண் கூசி, களத்துக்குள் இரண்டடி வைத்துவிட்டாள். அத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால் அவர் கத்திய கத்தலில் அவள் கஞ்சிப்பானையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அறுபத்துமூன்றாம் ஆண்டு ஆடி மாதம், கலப்பைக் கொழு தீட்டுவதற்குப் பரந்தன் சந்திக்குப் போயிருந்தார். ஒரு கார் அவரைத் தாண்டிப் போய், நின்று, பின்னால் வந்தது. தொப்பி போட்ட ஒருவர் இறங்கினார். பெயர் கனகலிங்கம், கொழும்பில் படம் பிடிக்கிறவர்.

"ஐயா, உங்கட முகம் எனக்கு வேணும்" என்றார்.

நாற்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஒரு மனிதர் அந்த முகத்தைக் கேட்டு வந்திருக்கிறார். என்ன வேடம் என்று விசாரிக்க முன்னமே வீரகத்தி சம்மதித்துவிட்டார்.

படத்தின் பெயர் 'கண்டி வீதிக் காட்டேறி'. புதிதாகக் கலியாணம் முடித்த சோடி யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குக் காரில் போகிறது. ஆனையிறவில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் கை காட்டி ஏறுகிறார். பிறகு கார் நிற்கிற சந்திக்குச் சந்தி ஒவ்வொருவராக இரத்தம் உறிஞ்சப்பட்டுச் சாகிறார்கள். கோட்டுக்காரர் வேறு யாருமில்லை, நம்முடைய வீரகத்திதான். அவருடைய பல் போதாதென்று சுரைக்காய் விதை இரண்டைச் சீவி ஒட்டினார்கள். இரத்தத்துக்கு நன்னாரி சர்பத். படப்பிடிப்பு ஒன்பது நாளில் முடிந்தது. கையிருப்பு மாங்குளத்தோடு தீர்ந்துவிட்டதால் கார் கொழும்புக்குப் போகவேயில்லை.

ஆனால் வீரகத்தி விளையாட்டாகச் செய்யவில்லை. காட்டேறி உறுமும், பல்லைக் கடிக்கும் என்று கனகலிங்கம் சொல்லிக் கொடுத்தார். வீரகத்திக்கு அது சரியாகப் படவில்லை. இரத்தம் குடிக்கிற சீவனுக்குக் கோபம் எதற்கு, பசிதானே? அவருக்குப் பசியைத் தெரியும். குடியேறிய முதல் வருடம் அடுத்தவன் அடுப்பில் பானை கொதிக்கும்போது எப்படிப் பார்த்துக்கொண்டு இருந்தாரோ, அப்படியே கமெராவுக்கு முன்னால் அந்தப் புதுப்பெண்ணின் கழுத்தைப் பார்த்தார். சத்தமில்லை. எச்சிலை மட்டும் விழுங்கினார். கனகலிங்கம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த தைப்பொங்கலுக்குப் படம் கிளிநொச்சித் தகரக் கொட்டகைக்கு வந்தது. மாலைக் காட்சிக்குக் குடியேற்றமே வண்டில் கட்டிக்கொண்டு போயிற்று. இஸ்திரிப்பெட்டி போட்ட சட்டையோடு வீரகத்தி முன்வரிசைக் கதிரையில் இருந்தார். படத்தைப் பார்த்துச் சனம் சிரித்த சிரிப்பில் தகரம் அதிர்ந்தது. அவர் முகம் திரையில் பெரிதாக வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கேயோ ஒரு குழந்தை வீரிட்டது. தாய் சேலைத் தலைப்பால் அதன் கண்ணைப் பொத்தினாள். வீரகத்திக்கு மயிர்க்கூச்செறிந்தது. தன்னால் இது முடிந்திருக்கிறதே என்று சந்தோசத்தில் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

படம் விட்டு வெளியே வந்தபோது ஒருவரும் அவரோடு கதைக்கவில்லை. வண்டில் பிடிக்கிற அவசரம் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலையிலேயே பரந்தன் சந்தித் தேத்தண்ணிக் கடையில் போய் இருந்தார். ஆர் என்ன சொல்கிறார்கள் என்று கேட்காமல் அவரால் இருக்க முடியவில்லை. கடையே படத்தைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு இருந்தது.

"கார் எத்தினை மைல் ஓடினாலும் அந்த ஒரே பாலைமரம்தான் வருகுது. மரமும் காரிலை ஏறிப் போச்சுதோ?"

"கொழும்பெண்டு காட்டினது எங்கடை நெல்லுக் குத்துற மில்லைத்தான். வாசலிலை எங்கடை செவலை மாடு படுத்துக் கிடக்கு."

"நடுச்சாமம் எண்டு சொல்லினம். நிழல் காலடியிலை கிடக்கு, உச்சி வெயில்!"

முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டு வரும் மத்தேயுவுக்கு வேறு குறை. "பேயைக் கலைக்கிறதுக்குப் பத்து நிமிசமாத் திருநீறு எறியினம். ஒரு சிலுவையைக் காட்டியிருந்தால் கெதியா முடிஞ்சிருக்கும், நானும் வீட்டை போய்ச் சேந்திருப்பன்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீரகத்தியும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மெல்லக் கேட்டார்: "என்ரை பகுதி எப்பிடி?"

ஒருவர் கோப்பையைப் பார்த்தார். மற்றவர் சுருட்டைப் பற்ற வைத்தார். மத்தேயு மட்டும், மீன் கூடையைக் கட்டிக்கொண்டே சொன்னான்: "பயமாக் கிடந்தது அண்ணை."

அது போதும் அவருக்கு. வீட்டுக்கு வந்து சிவனேஸ்வரியிடம் மூன்று தரம் சொன்னார். அவள் மீனை வெட்டிக்கொண்டு இருந்தாள். கிணற்றடியில் பெண்கள் என்ன கதைக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். படம் குப்பை, ஆனால் அந்த ஆள் நடிக்கவில்லை. உள்ளே இருந்ததுதான் வெளியே வந்தது. பன்னிரண்டு வருடமாக அந்தக் கண்ணாலேயா எங்கள் களத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது? இதுதான் அங்கே கதை. ஒழுங்காக நடித்த ஒரேயொரு மனிதருக்குச் சனம் கொடுத்த பரிசு அது. மோசமாக நடித்திருந்தால் இரண்டு நாள் பகிடி பண்ணிவிட்டு விட்டிருப்பார்கள்.

மாசியில் அறுவடை தொடங்கியது. கதிர் வெட்ட எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள். வெட்டுக்கு ராசி தேவையில்லை, முதுகு போதும். சூடு அடிக்கிற நாட்களில் படலைக்கு ஒருவரும் வரவில்லை. ஒருவர் மறந்தார், மற்றவர் நாளை மாற்றினார். ஐயாத்துரை மறக்கமாட்டான் என்று வீரகத்தி திடமாக இருந்தார். அவன் களம் போடும் நாளில் தோய்ந்து, திருநீறு பூசி, வெயில் ஏறும்வரை காத்திருந்தார். பிறகு தானே எழும்பி நடந்தார்.

களத்து ஓரத்துக்கு வந்தபோது மாடுகள் சுற்றத் தொடங்கியிருந்தன. முதற்கட்டை யாரோ வைத்துவிட்டார்கள். அவரைக் கண்டதும் மாட்டுக்குப் பின்னால் போனவன் நின்றான். களத்தில் 'வராதேயுங்கோ' என்று சொல்ல ஏலாது. இல்லை என்று ஒரு சொல்லும் அங்கே வரக்கூடாதே. ஐயாத்துரை கைகளைக் கும்பிடுவதுபோல் சேர்த்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்: "பெருகட்டும் அண்ணை. நீங்கள் பிறகு வாங்கோ."

அந்தச் சட்டத்தை அவனுக்குப் பழக்கியவரே வீரகத்திதான். களத்தில் நின்று பதில் பேசினால் பொலிக்குக் கூடாது. பேசாமல் திரும்பினார். வாய்க்கால் கட்டில் இருந்து, ஆம்பிளை என்றும் பாராமல் அழுதார்.

அடுத்த கிழமை அவருடைய சொந்தக் களம். கதிர் வெட்டிக் கொடுத்த நன்றிக்கு எல்லோரும் தவறாமல் வந்தார்கள், ஐயாத்துரை தன் மாடுகளையும் கொண்டு வந்தான். வீரகத்தி சால்வையை எடுக்கும்போது சிவனேஸ்வரி குசினி வாசலில் வந்து நின்றாள்.

"இண்டைக்கு நீங்கள் வீட்டிலை நில்லுங்கோவன்."

"ஆர் சொன்னது?"

"ஐயாத்துரை வந்து சொல்லிப்போட்டுப் போறார். அவையள் மாடு பிடிக்கோணுமெண்டால் நீங்கள் அங்கை நிக்கக் கூடாதாம்."

"அது என்ரை களம்!"

"என்ரையும்தான்" என்றாள் சிவனேஸ்வரி. "பன்னிரண்டு வருசமா நான் வெளியிலைதானே நிண்டனான்?"

அவர் சால்வையைக் கொடியில் போட்டார். மத்தியானம் அவள் சோற்றுப் பெட்டியைத் தூக்கியபோது, களத்துக்கு வெளியே நிற்கிற வேப்பமரத்தடி வரைக்குமாவது தான் கொண்டுபோகிறேன் என்று எழும்பினார். அவள் தலையை அசைத்தாள். வேப்பமரத்தடி வரைக்கும் போக அவளுக்கு அனுமதி இருந்தது. அவருக்கு அதுவும் இல்லை. தனியே அடுப்படியில் இருந்து, தூரத்தில் மாடு விரட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தார். எத்தனையாவது சுற்று என்று சத்தத்தை வைத்தே சொல்லக்கூடியவர் அவர்.

அந்த வருடம் அவருடைய வயலில் என்றைக்கும் இல்லாத விளைச்சல். குளம் நிரம்பி வழிந்த வருடம் அது, எல்லோருக்கும்தான் விளைந்தது. ஆனால் அவர் கால் வைக்காத களத்தில் பொலி குவிந்ததே, அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? பன்றி வேறு வயலில் மேய்ந்ததை வைத்து ராசியைக் கொடுத்த சனம், மழை பெய்ததை வைத்து அதைத் திருப்பி வாங்கிக்கொண்டது.

படம் கொட்டகையில் நாலு நாள்தான் ஓடியது. பிறகு அதை எங்கும் காட்டியதாகத் தெரியவில்லை, கனகலிங்கமும் இந்தப் பக்கம் வரவில்லை. ஆவணிக்குள் கதையையே மறந்துவிட்டார்கள். பாலைமரப் பகிடியைக்கூட ஒருவரும் சொல்வதில்லை. அவரைக் கண்டதும் கைக்குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றுவதை மட்டும் தாய்மார் மறக்கவில்லை.

கிணற்றடிக் கதை காதுக்கு எட்டியிருந்த வீரகத்தி தனியாக இருந்து நிறைய யோசித்தார். அந்தப் பசி வேடமில்லையே, அவருடைய சொந்தப் பசிதானே. அப்படியென்றால் சனம் சொல்வதில் என்ன பிழை? வீட்டில் அடுக்கிய நெல் மூட்டைகளைப் பார்க்கப் பார்க்க அவருக்கே தன் கையிலும் கண்ணிலும் சந்தேகம் வந்தது.

புரட்டாதியில் முதல் மழைக்கு நிலம் நனைந்தது. விடியற்காலையில் வீரகத்தி ஐயாத்துரை வீட்டுப் படலைக்கு வெளியே போய் நின்று கூப்பிட்டார்.

"தம்பி, என்ரை வயலிலை முதற்பிடியை நீர் வந்து எறியும்."

ஐயாத்துரை உடனே வந்தான். நல்ல மனிதன், அவனில் குறை சொல்ல முடியாது. வீரகத்தி விதை நெல் இருந்த கடகப்பெட்டியைத் தொடவில்லை. சிவனேஸ்வரிதான் கொண்டுவந்து வரம்பில் வைத்தாள். ஐயாத்துரை கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, கை நிறைய அள்ளினான். எறிய முன்னம், அந்த மனிதருக்கு ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"அண்ணை, உண்மையைச் சொன்னால், அந்தப் படத்திலை நீங்கள் நல்லாத்தான் செய்தனீங்கள்."

தை மாதத்திலிருந்து ஒரு மனிதர் வாயால் கேட்க அவர் காத்திருந்த சொல். வீரகத்தி தலையை ஆட்டினார். பிறகு வயலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். "நான் பார்க்கேல்லை," என்றார். "நீர் எறியும்."