எந்தக் கையில எடுத்த?

சேரன்மகாதேவியிலிருந்து காலை ஏழு மணிப் பேருந்தில் ஏறும் முத்துராணிக்கு வாய் கொஞ்சம் நீளம். அது நடத்துநருக்கும் தெரியும், திருநெல்வேலியில் அவள் வேலை பார்க்கும் தனியார் ஆஸ்பத்திரியின் நர்சுகளுக்கும் தெரியும். இருபத்திரண்டு வருடமாக அங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். கெட்டிக்காரி, அதில் சந்தேகமே இல்லை. மெஷின் சொல்வதற்கு முன்பே ட்யூபைத் தூக்கிப் பார்த்து மஞ்சள் காமாலை என்று சொல்லிவிடுவாள். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் ஒருநாள் அவள் காலை வாரியது.

ரத்தக் கூடத்தில் இருப்பவர்கள் நர்சுகளைத் திட்டுவதற்கென்றே ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள். எந்தக் கையில் எடுத்தாய்? ட்ரிப் ஏறுகிற கையிலேயே ஊசி போட்டு ரத்தம் எடுத்தால், ட்ரிப்பில் ஓடுவதும் கூடவே வந்து அளவெல்லாம் தாறுமாறாகிவிடும். அவசரத்தில் அப்படி எடுத்துவிட்டு முழிக்கிற நர்சுகளும் உண்டு. முத்துராணி அந்தக் கேள்வியை ஒரு நாளைக்கு நான்கு தடவையாவது கேட்பாள், எப்போதும் சத்தமாகத்தான் கேட்பாள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை வேளை. வேலைக்குச் சேர்ந்து ஆறே மாதமான கிரேஸ் என்ற நர்ஸ், தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு ட்யூப் கொண்டுவந்தாள். உள்ளே இருந்தது ரத்தம் மாதிரியே இல்லை. ரோஸ்மில்க் நிறம். மெஷினில் வைத்துச் சுழற்றியதும் மேலே பாலாகவே நின்றது. முத்துராணிக்கு வந்ததே கோபம்.

“ஏட்டி, எந்தக் கையில எடுத்த? ட்ரிப் ஓடுத கையிலதானே? கண்ண எங்கன வச்சிருக்க?”

ரிப்போர்ட் வாங்க வந்திருந்த பத்துப் பேர் முன்னால் கேட்டாள். மறு கையில்தான் எடுத்தேன் என்று அந்தப் பெண் சொன்னது எடுபடவில்லை. திரும்பப் போய் எடுத்து வந்தாள், அதுவும் வெள்ளை. மூன்றாவது தடவை காலில் எடுத்து, அழுதுகொண்டே கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது, மாடியிலிருந்த அந்தப் பிரிவிலிருந்து போனுக்கு மேல் போன். இதில் வெள்ளை கொஞ்சம் குறைந்திருந்தது, முத்துராணி அதை மெஷினில் வைத்தாள். உடம்பின் உப்பு அளவு நூற்றுப் பதினாறு என்று வந்தது, மிகவும் குறைவு. கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். மேலே உடனே கெட்டி உப்புத் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டார்கள்.

நோயாளி ஓய்வுபெற்ற ஆசிரியை கோமு. கணவருடைய ரத்த அழுத்த மாத்திரையைத் தன்னுடையது என்று நினைத்து, ஒரு வாரமாக வேளைக்கு இரண்டாக விழுங்கியிருக்கிறார். அன்று சாயங்காலம் அவருக்கு வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் காலமானார். மாத்திரை விஷமானதுதான் காரணம் என்று எழுதினார்கள். பரிசோதனைக் கூடத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆனால் சாயங்காலம் மட்டும் வந்து போகும் கூடத்தின் டாக்டர் கோபாலசுப்பிரமணியன், அந்த வெள்ளை ட்யூப்களைப் பார்த்துவிட்டார். முத்துராணியைக் கூப்பிட்டு உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். விஷம் ஏறி இதயம் தடுமாறும்போது கடைசி முயற்சியாகப் பால் போன்ற கொழுப்புத் திரவம் ஏற்றுவது உண்டு, கோமுவுக்கும் அதைத்தான் ஏற்றியிருந்தார்கள், அந்தக் கொழுப்பு விஷத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. மரத்துப்போகப் போடும் ஊசி மருந்து தவறி ரத்தத்தில் கலந்தவர்களின் உயிரை அது காப்பாற்றியிருக்கிறது, வாய்வழி விழுங்கிய மாத்திரைக்கு எவ்வளவு உதவும் என்பது இன்னும் தெளிவில்லை. நுரையீரல் கெடலாம், கணையம் வீங்கலாம். இதெல்லாம் போக, கொழுப்பு ஏறிய ரத்தத்தை எந்தக் கையில் எடுத்தாலும் வெள்ளையாகத்தான் இருக்கும், மெஷினும் அதில் ஏமாந்துவிடும், இல்லாத உப்புக் குறைவை இருக்கிறது என்று காட்டும்.

கோமு டீச்சர் போனது மாத்திரையாலா, தேவையில்லாமல் ஏற்றிய உப்பாலா என்று அவராலும் சொல்ல முடியவில்லை. டாக்டர்கள் கூட்டத்தில் எடுத்துச் சொல்கிறேன் என்றார், சொல்லவும் செய்தார். அந்தக் கூட்டத்துக்கு நர்சுகளைக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை.

முத்துராணி ஒரு காரியம் செய்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த கொழுப்புப் பாட்டில் ஒவ்வொன்றிலும் இரண்டு காலி ட்யூபை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினாள். ‘முதலில் ரத்தம் எடு, பிறகு பாட்டிலைத் திற’ என்று சீட்டும் ஒட்டினாள். இத்தனையும் செய்தவள் கிரேஸிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்பாள். அந்த நாளை வரவே இல்லை. ஊரையே கட்டி மேய்க்கிற வாய்க்கு ‘தப்பு என்னுது’ என்ற இரண்டு வார்த்தை வரவில்லை, என்னத்தைச் சொல்ல!

கிரேஸ் அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்திருந்தாள். எந்த ட்யூபைக் கொண்டுவந்தாலும் லேபிளில் நோயாளி பெயருக்குக் கீழே ‘வலது கை, ட்ரிப் இடது’ என்பதுபோல் எழுதியிருப்பாள். வேறெந்த நர்சும் அப்படி எழுதுவதில்லை. தன்னைக் குத்திக்காட்டத்தான் எழுதுகிறாள் என்று முத்துராணி நினைத்தாள். நெஞ்சழுத்தக்காரி என்று மனதுக்குள் பேரும் வைத்தாள்.

போன மாதம் நெல் அறுவடை மெஷின் ஓட்டும் சுடலைமணியைக் கொண்டுவந்தார்கள். இடது கை விரல்கள் மெஷினில் சிக்கிவிட்டன. கை மரத்துப்போகத் தோளில் போட்ட ஊசி மருந்து எப்படியோ ரத்தத்தில் கலந்து, ஆபரேஷன் அறையிலேயே இதயம் தடுமாறியது. அங்கிருந்த கொழுப்புப் பாட்டிலை ஏற்றித்தான் மீட்டார்கள். ஆனால் அந்த அறைப் பாட்டிலில் ட்யூப் கட்ட முத்துராணிக்குத் தோன்றியிருக்கவில்லை. முதல் ரத்தமே கொழுப்பு ஏறிய பிறகு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்துதான் எடுத்தார்கள். கிரேஸ்தான் கொண்டுவந்தாள், ரோஸ்மில்க் நிறத்தில்.

முத்துராணி கேள்வி கேட்கவில்லை. மெஷின் நூற்றுப் பதினேழு என்றது. மேலிருந்து டாக்டர் சாய்ராம் போன் செய்தார், சேர்ந்து நான்கே மாதமானவர். உப்புத் தண்ணீர் தயாராகத் தொங்குகிறது, ரிப்போர்ட் எங்கே என்றார்.

“இந்த நம்பர் பொய் சார். நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

நிர்வாகத்திடம் சொல்லிவிடுவேன் என்றார். சொல்லிக்கொள்ளுங்கள் என்று போனை வைத்துவிட்டு, கிரேஸையும் கூட்டிக்கொண்டு மாடியேறினாள். தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே ஒரு சின்ன மெஷின் உண்டு. ரத்தத்தில் தண்ணீர் கலக்காமல் அப்படியே அளப்பதால் உப்பு விஷயத்தில் கொழுப்பைக் கண்டு ஏமாறாது. கிரேஸ் புதிதாக ரத்தம் எடுத்தாள். இரண்டு நிமிடத்தில் வந்தது, நூற்று முப்பத்தொன்பது. உப்பு சரியாகத்தான் இருந்தது. சாய்ராம் தன் கையாலேயே அந்த உப்புப் பாட்டிலைக் கழற்றினார்.

கீழே இறங்கும்போது படியில் முத்துராணி நின்றாள். இன்றைக்கும் சொல்லவில்லையென்றால் என்றைக்கும் சொல்லமாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

“கிரேஸு, அன்னைக்கு கோமு டீச்சருக்கு நீ சரியான கையிலதான் எடுத்த. அந்த வெள்ளை கொழுப்புப் பாட்டிலோடது. தப்பு என்னுது. டீச்சர் போன அன்னைக்கே எனக்குத் தெரியும்.”

கிரேஸ் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான் தப்பான கையில எடுத்துதான் டீச்சர் செத்துப்போனாங்கன்னு இருந்தேன்க்கா, இந்த மூணு வருஷமும். எனக்கு மறுபடி மறந்துரக் கூடாதேன்னுதான் ஒவ்வொண்ணுலயும் கைய எழுதுதேன்.”

முத்துராணி பக்கத்தில் உட்கார்ந்தாள். கையிலிருந்த சுடலைமணியின் ட்யூபில் அவன் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் எழுதியிருந்தது, வலது கை, ட்ரிப் கால்.