எண்பத்திரண்டு பக்கம்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கொன்றது நான்தான் என்று ஒரு நாள் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. பார்த்தவர்கள் யாரும் இல்லை. நானே போய்ச் சொன்னாலொழிய வெளியே தெரிய வழியும் இல்லை. அதுதான் பெரிய வேதனையாக இருந்தது.

பீளமேட்டில் பழைய மில்லுக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். அப்பா ஒரு கல்லூரியில் பஸ் ஓட்டினார். அம்மா வீட்டில் இருந்தபடியே டைப் அடித்துக் கொடுத்தாள். அம்மாவைப் பெற்றவர்கள் தோட்டத்துக் கூலிக்குப் போனவர்கள். அவளுடைய படிப்பு பத்தாவதோடு நின்றுபோயிற்று. கல்யாணத்துக்கு முன்பு ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்கு நின்றபோது, கூட்டம் இல்லாத நேரங்களில் டைப் அடிக்கப் பழகிக்கொண்டாள். எங்கேயோ ஒரு ஐ.டி. ஆபீஸில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்தபோது அப்பா சொல்லிவைத்து ஒன்றை வாங்கி வந்தார். முன்னறையில் அந்தோணியார் படத்துக்குக் கீழே மேசை போட்டு, அதற்கென்று ஒரு பூப்போட்ட துணி தைத்துப் போர்த்தி வைத்திருந்தாள் அம்மா.

மார்ச் மாதம் பிறந்தால் கடைசி வருஷம் படிக்கும் பிள்ளைகள் புராஜெக்ட் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எல்லாம் இங்கிலீஷ். அதில் பாதிக்கு மேல் அம்மாவுக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் அவள் அடித்த பக்கத்தில் பிழை என்று ஒன்று இருக்காது. பதினோராம் பக்கத்தில் ஒரு மாதிரியும் நாற்பதாம் பக்கத்தில் வேறு மாதிரியும் ஒரு வார்த்தை எழுதியிருந்தால், படிக்கிற பிள்ளைக்கே தெரியாததை அம்மா கண்டுபிடித்து, "இதுல எது சரிங்க கண்ணு?" என்று கேட்பாள். ஒரு வரியை அவள் விரல் வைத்து உற்றுப் பார்க்கிறாள் என்றால் அங்கே ஒரு பிழை இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த வருஷம் வந்தவர்களில் ஆனைமலைப் பக்கத்து அக்கா ஒருத்தி இருந்தாள். லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி சிவில் படித்தாள். அவளுடைய அப்பா தென்னந்தோப்பில் தேங்காய் உரிக்கிறவர். தென்னை நாரைச் சிமென்டில் கலந்து கட்டடத்துக்கான கல் வார்த்து, எவ்வளவு பாரத்துக்கு அது உடைகிறது என்று பார்த்து எழுதியிருந்தாள். எண்பத்திரண்டு பக்கம். கையெழுத்துப் பிரதி இருந்தது என்னவோ உண்மை. ஆனால் அவளுடைய கைடு மூன்று முறை அதை மாற்றச் சொல்லி, மூன்று முறையும் அக்கா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல மாற்றியதெல்லாம் கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் இருந்தது. படங்களைச் சேர்த்த பிறகு அது பிளாப்பியில் அடங்கவில்லை. பென் டிரைவைக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்ததோடு சரி. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பைண்டிங் செய்து கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த வருஷம் டிகிரி இல்லை.

புதன்கிழமை எனக்குப் பரீட்சை, அரை நாள் பள்ளிக்கூடம். அடுத்த பரீட்சை திங்கட்கிழமை, அதுவரை லீவு. மத்தியானம் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். புராஜெக்ட் சமயத்தில் கம்ப்யூட்டரை நான் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். நான் தொட்டேன். பந்தைத் தட்டிவிடும் ஒரு விளையாட்டு அதில் இருந்தது. என் வாழ்நாளிலேயே அதிகமாகப் பாயின்ட் எடுத்துக்கொண்டிருந்தபோது வெளிக்கதவு சத்தம் கேட்டது. முறைப்படி அணைக்க நேரமில்லை. சுவரில் இருந்த சுவிட்சை அப்படியே அமத்திவிட்டு, துணியைப் போர்த்திவிட்டு, புத்தகத்தை விரித்து உட்கார்ந்துகொண்டேன். தலைகீழாகப் பிடித்திருக்கவில்லை என்பது வரைக்கும் சரிபார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் அம்மா பட்டனை அழுத்தினாள். விசிறி சுற்றியது. கம்பெனிப் பெயர் வந்தது. கறுப்புத் திரையில் சின்னக் கட்டங்கள் ஓட ஆரம்பித்தன. பொசுக்கென்று எல்லாம் அணைந்தது. ஒரு மூச்சு விடும் நேரத்துக்குப் பிறகு தானாகவே விசிறி சுற்றியது, பெயர் வந்தது, கட்டங்கள் ஓடின, அணைந்தது. அம்மா வயரை எல்லாம் பிடுங்கி மறுபடி சொருகிப் பார்த்தாள். வேறு பிளக்கில் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் கட்டங்கள் ஓடும்போது அவள் முகத்தில் வெளிச்சம் வரும், பிறகு போகும். அப்பா பின்னால் நின்று, "பஸ்ஸா இருந்தா பேட்டரியப் பாப்பேன், இதுல எதப் பாக்கறதுன்னே தெரியலியே" என்றார். நான் படித்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்குப் போல் நான் என்றைக்கும் படித்ததில்லை.

தொலைந்த பொருளை அந்தோணியார் கண்டுபிடித்துத் தருவார் என்று மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் சொல்லியிருந்தார். கம்ப்யூட்டருக்குள் தொலைந்தது அவர் பொறுப்பில் வருமா என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும், படத்துக்கு நேர் கீழேதானே நடந்தது, அவருக்கே எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்து, விளக்கம் எதுவும் சொல்லாமல் சுருக்கமாக வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சர்வீஸ் செய்கிறவர் ஒருவர் வந்தார். அதே நேரத்தில் ஹாஸ்டல் அக்காவும் கடைசித் திருத்தங்களோடு வந்து சேர்ந்தாள். விஷயம் தெரிந்ததும் செருப்பைக் கழற்ற மறந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சர்வீஸ்காரர் இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு, "பார்மட் அடிச்சா சரியாயிருமுங்க" என்றார்.

"உள்ள இருக்கறதுங்க?" என்று அம்மா கேட்டாள்.

"அதெல்லாம் போயிருங்க. புதுசாட்டம் ஆயிருமுங்க."

"போகாம பண்றதுக்கு வழி இல்லீங்களா?"

"கடைக்கு எடுத்துட்டுப் போயி வேற கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாக்கலாங்க. ஆனா இப்ப சீசனுங்க, திங்கக்கெழமை ஆயிரும்."

அம்மா அக்காவைப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வேண்டாங்க, நீங்க போயிட்டு வாங்க" என்று அம்மா அவரை அனுப்பிவிட்டாள். அவர் போன பிறகு, ஒரே வழியையும் அடைத்துவிட்டாளே என்று எனக்குப் பயமாக இருந்தது. அம்மா, அன்றைக்கு லீவு சொல்லியிருந்த அப்பாவிடம் திரும்பி, "உடுமலைக்குப் போன் பண்ணி உங்க தம்பிய வரச் சொல்லுங்க" என்றாள்.

சித்தப்பா உடுமலைப்பேட்டையில் மோட்டாருக்குள் செம்புக் கம்பிச் சுருளான காயில் கட்டுகிறவர். கிணற்று மோட்டார், மாவு மில் மோட்டார் தவிர வேறொன்றையும் அவர் பிரித்ததில்லை. பன்னிரண்டு மணிக்குள், மஞ்சப்பையில் பற்றவைக்கும் இரும்பும் ஸ்குரூ டிரைவரும் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுங்க அண்ணி. தெரியாதத மொதல்லயே சொல்லிப்போடறேன்" என்றார். "கரண்ட்டு உங்களுக்குத் தெரியுமல்லங்க தம்பி, அது போதும்" என்றாள் அம்மா.

பக்கத்துத் தகட்டைக் கழற்றியதும் உள்ளேயிருந்து ஒரு கூடைத் தூசி வந்தது. சைக்கிள் பம்பால் அடித்து ஊதினார். பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு பாகமாகப் பார்த்தார். அக்கா, அம்மா, அப்பா, நான் எல்லோரும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏனுங்க அண்ணி, இங்க வந்து பாருங்க" என்றார். பச்சைத் தகட்டில், சுண்டு விரல் நுனி அளவில் சின்னச் சின்ன பீப்பாய்கள் வரிசையாக நின்றன. மற்றதெல்லாம் தலை தட்டையாக இருக்க, மூன்று மட்டும் தலை உப்பி, ஓரத்தில் காபிக் கறை மாதிரி கசிந்திருந்தது. "இது கெபாசிட்டருங்க. மோட்டார் ஓடாம உறுமுதுன்னு கொண்டாந்தா நான் மொதல்ல இதத்தான் பாப்பேன். அது பெருசா இருக்கும், இது அதோட குட்டி. இது கெட்டா கரண்ட்டு ஒரே சீரா நிக்காதுங்க. அதான் எந்திரிக்கறதும் படுக்கறதுமா இருக்குது."

ஒவ்வொரு வயரையும் கழற்றுவதற்கு முன்பு அம்மா அதை ஒரு நோட்டில் வரைந்துகொண்டாள். எந்தத் துளை, எந்த நிறம், எந்தப் பக்கம் என்று எல்லாம். மூன்று பீப்பாய்களையும் கூட, வெள்ளைக் கோடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதோடு வரைந்தாள். சித்தப்பா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, காந்திபுரத்தில் ரேடியோ சாமான் விற்கிற கடைக்குப் போய் அதே அளவில் மூன்று வாங்கி வந்தார். பழையதை இளக்கி எடுத்துவிட்டுப் புதியதை வைத்துப் பற்றவைத்தார். ஈயப் புகையில் எல்லோருக்கும் இருமல் வந்தது. தகட்டைத் திரும்பப் பொருத்தப் போகும்போது அம்மா நோட்டையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தம்பி, நடுவுல இருக்கறதோட வெள்ளைக் கோடு இந்தப் பக்கமல்ல இருக்கோணும்?"

சித்தப்பா டார்ச் அடித்துப் பார்த்தார். "நல்லவேளைங்க அண்ணி. மாத்தி வெச்சுக் கரண்ட்டு குடுத்திருந்தா வெடிச்சுப்போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு அதை எடுத்துத் திருப்பி வைத்தார்.

நாலரை மணிக்கு அம்மா பட்டனை அழுத்தினாள். பெயர் வந்தது. கட்டங்கள் ஓடின. அணையவில்லை. அப்பா கை தட்டப் போனார். அதற்குள் திரை நீலமாக மாறி வெள்ளை எழுத்தாக வந்து நின்றது. "ஐயோ, அமத்துங்க" என்று சித்தப்பா சுவிட்சுக்குக் கை நீட்டினார்.

"வேண்டாங்க, எதையும் தொடாதீங்க" என்று அக்கா எழுந்து வந்தாள். அம்மாவைப் பார்த்து விளக்கினாள். "எங்க லேப்ல இது வருமுங்க. அது தன்னத்தானே சரிபாக்குது. சரியா அமத்தாம வெச்சிருக்காங்க, அதனால பாக்கறேன்னு சொல்லுதுங்க்கா."

சரியா அமத்தாம வெச்சிருக்காங்க. கம்ப்யூட்டரே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அதுவும் எல்லோர் முன்னாலும், எழுத்து மூலமாக. என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "நாந்தான்" என்று அழ ஆரம்பித்தேன். ரேஷன் கடை, பந்து, சுவிட்சு, தலைகீழாக இல்லாத புத்தகம் எல்லாவற்றையும் சொன்னேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சித்தப்பா கழற்றிப் போட்டிருந்த பழைய பீப்பாய் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "கண்ணு, ஒரு வாட்டி சுவிட்ச அமத்துனா இது மண்டை வீங்காது. இது மாசக்கணக்கா வீங்கிட்டு வந்திருக்குது. நீ வெளையாடாம இருந்திருந்தாலும் இது நின்னுதான் போயிருக்கும்."

எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அத்தனை பெரிய பாவத்தை வீணாகச் சுமந்துவிட்டோமே என்று கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. அம்மா முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, "இனிமே கேட்டுட்டு வெளையாடு" என்றாள். அவள் கண் திரையிலேயே இருந்தது. அங்கே எண்கள் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தன. அறுபது. எழுபத்தைந்து. நூறு தொட்டதும் ஒருமுறை அணைந்தது. பிறகு தானே எழுந்து, வழக்கமான படத்தோடு, ஒன்றும் நடக்காதது போல வந்து நின்றது.

ஹாஸ்டல் கதவை ஆறு மணிக்குச் சாத்திவிடுவார்கள். போவதற்கு முன்பு அக்கா ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தாள். எழுபத்து மூன்று பக்கம் அப்படியே இருந்தது. கடைசி அத்தியாயத்தின் ஒன்பது பக்கமும் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்களாக மாறிக் கிடந்தன. காலையில் இருந்த அக்காவாக இருந்தால் அழுதிருப்பாள். அப்போது அவள், "ஒம்பதுதானுங்க்கா, விடிஞ்சதும் வந்தர்றேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஓடினாள்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கே வந்துவிட்டாள். அவள் சொல்லச் சொல்ல அம்மா அடித்தாள். கல் உடைந்த பாரத்தின் கணக்கு அட்டவணைகளை வாசிக்கிற வேலை எனக்குக் கிடைத்தது. என் பாவத்துக்குப் பரிகாரமாக நினைத்து, ஒவ்வொரு புள்ளியையும் சத்தமாகப் படித்தேன். பதினொன்றரைக்கு ஒன்பது பக்கமும் முடிந்தது. மீதி இருந்தது முன்னால் வைக்கிற நன்றிப் பக்கம் மட்டும்தான்.

கல்லூரிக்கு நன்றி, துறைக்கு நன்றி, கைடுக்கு நன்றி, லேபில் கல் உடைத்துக் கொடுத்தவருக்கு நன்றி, அப்பா அம்மாவுக்கு நன்றி என்று அக்கா இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தாள். அம்மாவின் விரல்கள் நிற்காமல் ஓடின. பிறகு அக்கா அம்மாவின் பெயரைச் சொன்னாள். விரல்கள் நின்றன.

"எம்பேரெல்லாம் எதுக்குங்க கண்ணு" என்றாள் அம்மா. "டைப் அடிக்கறவங்க பேரப் போடமாட்டாங்க."

எத்தனையோ பேருடைய நன்றிப் பக்கங்களை அடித்தவள் அவள். வழக்கம் அவளுக்குத் தெரியும். அக்கா விவாதம் செய்யவில்லை. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஒற்றை விரலால், எழுத்தைத் தேடித் தேடி, அந்த ஒரு வரியைத் தானே அடித்தாள். அழித்துவிடலாம் என்றதை மறுத்து இந்தப் பக்கங்களைக் காப்பாற்றியவர் என்று பொருள் வருகிற மாதிரி ஒரு வரி. அதன் முடிவில் அம்மாவின் பெயர்.

மேசைக்கு அடியில் இருந்த பழைய பிரிண்டர் எண்பத்திரண்டு பக்கத்தையும் நன்றிப் பக்கத்தையும் துப்பி முடிக்க ஒரு மணி ஆயிற்று. நன்றிப் பக்கத்தை மட்டும் அம்மா இன்னொரு பிரதி எடுத்துக்கொண்டாள். அக்கா காகிதக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பைண்டிங் கடைக்கு ஓடினாள். சாயங்காலத்துக்குள் கொடுத்துவிட்டாள் என்று மறுநாள் அவளே வந்து சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் கட்டோடு போன பிறகு அம்மா சாப்பிடக்கூட எழவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தை மடியில் வைத்து, கடைசி வரியில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் அப்படிப் பார்ப்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான்.

"தப்பு இருக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"தெரியல கண்ணு. நீ பாரு" என்று என்னிடம் கொடுத்தாள்.

நான் பென்சிலை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். அக்கா ஒற்றை விரலால் அடித்தது, கட்டாயம் எங்காவது தவறியிருக்கும் என்று எழுத்தெழுத்தாகத் தேடினேன். அம்மாவின் பெயரைக் கூடப் பின்னாலிருந்து முன்னால் ஒருமுறை பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. "சரியாத்தாம்மா இருக்குது" என்றேன்.

"சத்தமாப் படி."

படித்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "எனக்குச் சரியாக் கேக்குல, இன்னொருக்காப் படி" என்றாள். நான் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்று, பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று யோசித்துக்கொண்டே, முன்னைவிட மெதுவாக இரண்டாவது தடவையும், அவள் கேட்காமலேயே மூன்றாவது தடவையும் படித்தேன்.